வியாழன் என்னும் மரக்கால்

2018 பிப்ரவரி மாதம். சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்துக் களத்தில் நெல்லைக் குவித்துவிட்டு ஒன்பது நாள் காத்திருந்தோம். பத்தாம் நாள் எங்கள் முறை வந்தது. ஊழியர் ஒரு கைப்பிடி நெல்லை ஈரப்பதமானியின் கிண்ணத்தில் கொட்டிப் பொத்தானை அழுத்தினார். 18.6 என்று காட்டியது. ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்கமாட்டார்கள்.

அப்பா குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டு, அடியிலிருந்து நான்கு மணிகளை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். படக்கென்று உடைந்தது.

"இது காய்ந்த நெல், தம்பி. சத்தம் கேட்டதல்லவா?"

"கருவி இப்படித்தான் காட்டுகிறது ஐயா. நான் என்ன செய்ய முடியும்?"

மேசை இழுப்பறையில் இன்னொரு ஈரப்பதமானி இருந்தது. அப்பா வற்புறுத்தியதால் அதிலும் அதே நெல்லைப் போட்டுப் பார்த்தார். 16.9. ஒரே குவியல், ஒரே கைப்பிடி, இரண்டு கருவிகள், இரண்டு விடைகள். அப்பா கோபப்படவில்லை. மெதுவாக ஒன்றைத்தான் கேட்டார்: "இந்தக் கருவியை எதை வைத்துச் சரிபார்த்தீர்கள்?"

அதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. இரண்டு நாள் கூடுதலாகக் காயவைத்து, எடை குறைந்த பிறகு கொடுத்துவிட்டு வந்தோம். ஆனால் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. ஏனென்றால் அதே வாரத்தில்தான் எங்கள் நாற்றங்காலுக்கு மேலே வியாழன் கோளின் வானொலி அலைகளைப் பிடிப்பதற்காக ஓர் ஆண்டெனாவைக் கட்டத் தொடங்கியிருந்தேன். செப்புக் கம்பியை அளந்து வெட்டி உயரே கட்டிவிட்டால், அது நான் நினைத்தபடி கேட்கிறதா என்பதை எதை வைத்துச் சரிபார்ப்பது?

எங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து இரும்பு மரக்கால் ஒன்று இன்றும் இருக்கிறது. வாய் விளிம்பு தேய்ந்து பளபளக்கும். அடிப்பக்கத்தில் அரசு முத்திரை குத்தியிருக்கும். முத்திரை இல்லாத மரக்காலால் தாத்தா கூலிநெல் அளக்கமாட்டார். முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லித்தான் போடுவார். பிறகு இரண்டு, மூன்று என்று பன்னிரண்டு வந்தால் ஒரு கலம். அளக்கிற கை தெரிந்த கையாக இருந்தாலும் போதாது, அளக்கிற பாத்திரம் இன்னொன்றோடு ஒத்துப்பார்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பது இந்த மண்ணில் புதிய எண்ணம் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில், நெல் அளக்க 'ஆடவல்லான்' என்ற பெயருடைய மரக்கால் வருகிறது. அது ராஜகேசரி என்ற அளவோடு ஒத்தது என்பதையும் சேர்த்தே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கோயிலின் மரக்கால் என்பதற்காக அதை அப்படியே நம்பிவிடவில்லை. எதோடு ஒத்தது என்பதையும் எழுதிவைத்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த ஒரு சொற்றொடரில் இன்றைய அளவியல் முழுவதும் இருக்கிறது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

ஆண்டெனாவுக்கு வருகிறேன். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக்காரர்களுக்கு இது பழகிய வேலைதான். எண்பதுகளில் இங்கே மொட்டைமாடிகளில் ஆண்டெனா வைத்தவர்கள், கடலுக்கு அப்பாலிருந்து வரும் இலங்கை ரூபவாஹினியைத்தான் முதலில் பார்த்தார்கள். மாடியில் ஒருவர் குழாயைத் திருப்புவார். கூடத்திலிருந்து இன்னொருவர் "வந்தது, வந்தது, போய்விட்டது" என்று குரல் கொடுப்பார். எங்கள் வீட்டில் திருப்புகிறவர் அப்பா, குரல் கொடுப்பவன் நான். அப்போது ஒன்று எனக்குப் புரியாமலே இருந்தது. இலங்கை இருக்கும் திசைக்கு ஆண்டெனாவை நேராக வைத்தால் படம் மங்கலாக இருக்கும்; அதிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்தால்தான் தெளியும். பக்கத்தில் இருந்த தகரக் கூரையும் இரும்புக் கைப்பிடிச் சுவரும் தங்களுக்குள்ளும் அலையை வாங்கித் திருப்பி விட்டுக்கொண்டிருந்தன என்பது கல்லூரியில் இயற்பியல் படித்தபோதுதான் தெரிந்தது. ஆண்டெனாவின் கம்பி ஒரு திசையைக் காட்டும். அதன் காது வேறு திசையில் இருக்கும்.

இதே சிக்கல் விண்வெளியில் இன்னும் பெரிதாக வருகிறது. காசினி விண்கலம் 1997 அக்டோபரில் சனிக்கோளை நோக்கிப் புறப்பட்டது. வானொலி அலைகளைக் கேட்க அதில் ஒவ்வொன்றும் 10 மீட்டர் நீளமுள்ள மூன்று தண்டுகள் இருந்தன. அந்தத் தண்டுகள் வாங்கும் அலைகளின் நீளம் நூற்றுக்கணக்கான மீட்டர், சில வேளைகளில் கிலோமீட்டர் கணக்கு. அவ்வளவு நீண்ட அலைக்குக் குறுகலான கற்றை அமைக்க வழியில்லை. ஆகவே அலை வந்த திசையை வேறு விதமாகக் கணக்கிடுகிறார்கள்: மூன்று தண்டுகளிலும் ஒரே நொடியில் எழும் மின்னழுத்தங்களை ஒப்பிட்டு, எந்தத் தண்டு எவ்வளவு வாங்கியது, ஒன்றுக்கொன்று எவ்வளவு முன்பின்னாக வாங்கியது என்பதிலிருந்து அலையின் திசையும் அது சுழன்றுவரும் விதமும் கிடைக்கும். நல்ல முறைதான். ஆனால் தண்டு எந்தத் திசையில் 'கேட்கிறது' என்பது துல்லியமாகத் தெரிந்திருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும்.

விண்கலத்தின் உடல் முழுவதும் உலோகம். பெரிய வட்டத்தட்டு, நீண்ட கைகள், பெட்டிகள். அலை வந்து மோதும்போது அவற்றிலும் மின்னோட்டம் எழுகிறது. அதனால் தண்டு நீட்டியிருக்கும் திசையும் அது மின்னியல் முறையில் கேட்கும் திசையும் பல பாகைகள் விலகிவிடும். எங்கள் மாடியின் தகரக் கூரை செய்த வேலையைத்தான் அங்கே காசினியின் உடல் செய்தது.

புறப்படுவதற்கு முன்பே இதைக் கணிக்க முயன்றார்கள். அதில் ஒரு முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர ஆய்வாளர்கள் விண்கலத்தின் சிறிய உலோக மாதிரியைச் செய்து தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். தொட்டியின் இரு பக்கமும் மின்தகடுகள் வைத்து நீருக்குள் ஒரே சீரான மின்புலத்தை உண்டாக்கி, மாதிரியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு குச்சியிலும் எவ்வளவு மின்னழுத்தம் வருகிறது என்று குறித்தார்கள். ஆண்டெனாவைவிட அலை மிக நீளமாக இருக்கும்வரை இது உண்மை நிலையைக் காட்டும். கணினியில் கம்பிவலை மாதிரி அமைத்தும் கணக்கிட்டார்கள். ஆனாலும் அவையெல்லாம் கணிப்புகள்தானே. ராக்கெட்டின் மூக்குக்குள் மடிந்து போய், வெற்றிடத்தில் விரிந்து, வெயிலிலும் குளிரிலும் நிற்கும் தண்டு எப்படிக் கேட்கிறது என்பதை அங்கேயே போய்ச் சோதித்தால்தான் தெரியும். சோதிப்பதற்கு அங்கே ஒலிபரப்பு நிலையம் ஏது?

இருந்தது. 2000 டிசம்பர் 30 அன்று காசினி வியாழனைச் சுமார் 97 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. அந்தச் சமயத்தில் விண்கலத்தைத் தன் அச்சில் உருட்டி, வியாழனின் அலைகளை வெவ்வேறு கோணங்களில் வாங்கினார்கள். அவ்வளவு தொலைவிலிருந்து பார்த்தால் வியாழன் வானில் ஏறத்தாழ ஒரு புள்ளி. அந்தப் புள்ளி எந்தத் திசையில் இருக்கிறது என்பது பயணக் கணக்கிலிருந்து துல்லியமாகத் தெரியும். திசை தெரிந்த அலையை வாங்கிப் பார்த்து, 'இந்த விடை வர வேண்டுமானால் தண்டுகளின் காது எங்கே இருந்திருக்க வேண்டும்' என்று கணக்கைத் தலைகீழாகப் போட்டார்கள். அப்படிக் கிடைத்த திசைகளை வைத்துத்தான் பிறகு 2004 முதல் 2017 வரை சனியின் வானொலி அலைகள் எங்கிருந்து புறப்படுகின்றன என்று ஓரிரு பாகைத் துல்லியத்தில் சொல்ல முடிந்தது.

படிப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். வியாழனின் வானொலி சீரானது இல்லையே? ஒரு நிமிடம் முழங்கும், அடுத்த நிமிடம் அடங்கும். இப்படிக் கூடிக் குறையும் ஒன்றை வைத்து எப்படி அளவு திருத்துவது?

களத்தில் இதற்கு விடை இருக்கிறது. இரண்டு மரக்கால்களில் எது பெரியது என்று அறிய, குவியலில் எத்தனை கலம் நெல் இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. ஒன்றை நிரப்பி மற்றொன்றில் கொட்டிப் பார்த்தால் போதும். வழிந்தால் அது சிறியது. காசினியில் மூன்று தண்டுகளும் ஒரே நொடியில் ஒரே அலையைத்தான் வாங்கின. வியாழன் முழங்கினால் மூன்றிலும் முழக்கம், அடங்கினால் மூன்றிலும் அடக்கம். அவற்றுக்கு இடையிலான விகிதத்தில் வியாழனின் வலிமை கழன்றுவிடும். தண்டுகளின் கோணம் மட்டுமே மிஞ்சும். வலிமையின் முழு அளவு தேவைப்பட்டபோது, மாறாமல் எப்போதும் இருக்கும் வேறொன்றைப் பிடித்தார்கள்: பால்வீதியின் பின்னணி இரைச்சல். திசைக்கு ஒரு மரக்கால், வலிமைக்கு இன்னொரு மரக்கால்.

இந்த முறை காசினியோடு நின்றுவிடவில்லை. சூரியனை ஆராய 2006இல் ஏவப்பட்ட இரண்டு ஸ்டீரியோ விண்கலங்கள் ஒவ்வொன்றிலும் ஆறு மீட்டர் நீளத்தில் மூன்று தண்டுகள் இருந்தன. அவற்றுக்கு அளவு திருத்த உதவிய கோள் நம் பூமியேதான். துருவ ஒளி தோன்றும் பகுதிகளுக்கு மேலே, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில், சில நூறு கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் பூமியும் பலத்த வானொலி அலையை வீசுகிறது. கீழே இருக்கும் நமக்கு அது கேட்பதில்லை. வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னேற்றம் பெற்றிருக்கும் அயனி மண்டலம் அதைத் தரையிறங்க விடாமல் தடுத்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நாமும் ஓர் ஒலிபரப்பு நிலையம் என்பதை முதன்முதலில் படித்த அன்று வெகுநேரம் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

கோள்களின் வெப்ப ஒளிர்வைப் பயன்படுத்துவது தனிக் கதை. மில்லிமீட்டர் அலைகளில் செவ்வாய், யுரேனஸ், நெப்டியூன் ஆகியவை தங்கள் வெப்பத்துக்கு ஏற்ப அமைதியாக ஒளிர்கின்றன. தொலைவு தெரியும், விட்டம் தெரியும், ஆகவே வானில் தட்டு எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதும் தெரியும். வெப்பநிலை மாதிரியும் கையில் இருந்தால் எவ்வளவு ஆற்றல் வந்து சேர வேண்டும் என்று கணக்கிடலாம். ஆல்மா தொலைநோக்கியும் பிளாங்க் விண்கலமும் இந்தக் கோள்களைத் தங்கள் படிக்கற்களாக வைத்துக்கொண்டன. காரைக்காலில் புயலைப் பார்க்கும் டாப்ளர் ரேடார் இருக்கிறது. அந்த வகை வானிலை ரேடார்களின் தட்டு சரியான திசையைப் பார்க்கிறதா என்று சோதிக்க உலகம் முழுவதும் சூரியனைப் பயன்படுத்துகிறார்கள். சூரியன் எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதன் வலிமை நாளுக்கு நாள் மாறினாலும், 10.7 சென்டிமீட்டர் அலைநீளத்தில் அதைக் கனடாவில் 1947 முதல் தினமும் அளந்து வெளியிடுகிறார்கள். மரக்கால் மாறுவது குற்றமில்லை. எவ்வளவு மாறியது என்று யாராவது நேர்மையாக எழுதிவைத்தால் போதும்.

வியாழனின் வானொலி அலைகள் கண்டுபிடிக்கப்பட்ட கதையும் அளவு திருத்தும் வேலையின் நடுவில் நடந்ததுதான். 1955இன் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெர்னார்ட் பர்க், கென்னத் ஃபிராங்க்ளின் என்ற இருவர் 96 ஏக்கர் வயல்வெளியில் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி 22.2 மெகாஹெர்ட்ஸில் வானைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். நம் கணக்கில் 14 வேலிக்கும் சற்று அதிகம். புதிய ஆண்டெனாவைச் சோதிக்க அவர்கள் எடுத்துக்கொண்டது, வெடித்துச் சிதறிய விண்மீனின் எச்சமான, வலிமை தெரிந்த நண்டு நெபுலா. அந்தப் பதிவுகளில் அடிக்கடி ஒரு முள்முள்ளான இடையூறு வந்தது. பக்கத்துப் பண்ணையில் யாரோ இரவில் பழைய வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று நினைத்தார்கள். அது விண்மீன்களோடு சேர்ந்து நாள்தோறும் நான்கு நிமிடம் முந்தி வருவதைப் பார்த்த பிறகுதான், அந்த நேரத்தில் அந்த இடத்தில் வானில் வியாழன் இருப்பது தெரிந்தது. செய்தி வெளியான பிறகு ஆஸ்திரேலியாவில் ஷெயின் என்பவர் 1950, 1951ஆம் ஆண்டுகளில் தாம் 18.3 மெகாஹெர்ட்ஸில் எடுத்த பழைய பதிவுகளைப் புரட்டினார். அவற்றிலும் வியாழன் இருந்தது. இடையூறு என்று ஒதுக்கப்பட்டுக் காகிதச் சுருளுக்குள் நான்கைந்து ஆண்டுகள் கிடந்திருக்கிறது. அவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருந்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

1964இல் பிக் என்பவர் இன்னொன்றைக் கண்டார். வியாழனின் முழக்கம் அதன் நிலவான அயோ இருக்கும் இடத்தைப் பொறுத்து வருகிறது. எரிமலைகள் நிறைந்த அயோ, வியாழனின் காந்தப்புலத்துக்குள் நீந்திச் செல்லும்போது பெரும் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழலும் எலெக்ட்ரான்கள் தங்கள் சுழற்சி அதிர்வெண்ணிலேயே அலையை வீசுகின்றன. காந்தப்புலத்தை அளக்கும் அலகு காஸ்; ஒரு காஸ் புலத்துக்கு 2.8 மெகாஹெர்ட்ஸ். வியாழனின் வடதுருவப் பக்கத்தில் அலை பிறக்கும் இடத்தின் அதிகபட்சப் புலம் 14 காஸ் அளவில் இருப்பதால் முழக்கம் 40 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில் நின்றுவிடுகிறது. மிகக் குறைந்த அதிர்வெண்களை நம் அயனி மண்டலம் மறிக்கிறது. நடுவில் கிடைக்கும் இடைவெளியில்தான் தரையில் இருப்பவர்கள் கேட்க முடியும். பள்ளி மாணவர்களுக்கும் ஆர்வலர்களுக்குமாக நாசா தொடங்கிய ரேடியோ ஜோவ் திட்டம் 20.1 மெகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தது. நானும் அதையே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் நாற்றங்காலைச் சுற்றி நான்கு மூலைகளிலும் தாத்தா வைத்த தென்னைகள் இருந்தன. மூலைக்கு மூலை நைலான் கயிறு இழுத்து, நடுவில் இரண்டு இருமுனை ஆண்டெனாக்களைக் கூட்டல் குறி போலக் குறுக்காகத் தொங்கவிட்டேன். ஒவ்வொன்றும் 7.09 மீட்டர். தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரம். காப்புக்குப் பிவிசி குழாய்த் துண்டுகள். ஒன்றின் கேபிளைக் கால் அலைநீளம் கூடுதலாக வெட்டிச் சேர்த்தால், வலப்பக்கம் சுழன்று வரும் அலையையும் இடப்பக்கம் சுழன்று வரும் அலையையும் தனித்தனியாகப் பிரித்து வாங்கலாம். நடுவில் ஒரு சுவிட்ச். ரிசீவரில் ஒலியைத் தானே சமன்செய்யும் வசதியைத் துண்டித்துவிட்டேன். அது இருந்தால் பலத்த ஒலியும் மெல்லிய ஒலியும் ஒரே அளவாகிவிடும். எந்த நெல்லைப் போட்டாலும் 17 என்று காட்டும் கருவி போல.

வியாழன் ஒரு சுற்றுச் சுழல 9 மணி 55 நிமிடம். அயோ வியாழனைச் சுற்ற ஏறத்தாழ 42 மணி 28 நிமிடம். இரண்டும் தோதாக அமையும் இரவுகளைப் பட்டியலிட்டுக் காத்திருந்தோம். என் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. 2018 மே மாதக் கடைசி வாரம், நள்ளிரவு தாண்டி, வயல் வெடித்துக் கிடந்த நேரம். முதலில் கோடியக்கரையில் அலை உருண்டு வந்து மணலில் விரிவது போல ஒரு நீண்ட ஓசை. அடங்கியது. மறுபடியும் வந்தது. பிறகு சட்டென்று, சூடான மணல் சட்டியில் நெல் பொரிவது போலப் படபடவென்ற ஓசை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இது அதுதானா?"

சுவிட்சை மாற்றிப் பார்த்தேன். வியாழனின் வடபக்கத்து அலைகள் பெரும்பாலும் வலச்சுழற்சி கொண்டவை. மின்னலுக்கும் மோட்டாருக்கும் அந்த வேறுபாடு கிடையாது. வலப்பக்கத்தில் பலமாகவும் இடப்பக்கத்தில் குறைவாகவும் கேட்டது. ஆனால் அந்த வித்தியாசம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அடுத்த வாரம் வந்த முழக்கத்திலும் அப்படியே. வியாழன் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்காது. தவறு என் பக்கம்தான். காலையில் போய்ப் பார்த்தால், ஒரு கம்பியின் முனை மோட்டார் கொட்டகையின் தகரக் கூரையிலிருந்து இரண்டு முழத் தொலைவில் தொங்கிக்கொண்டிருந்தது. தகரம் அந்தக் கம்பியின் காதைத் திருப்பியிருக்கிறது. கயிற்றை இழுத்துக் கட்டி விலக்கினேன். அதன் பிறகு வந்த முழக்கத்தில் வலப்பக்கமும் இடப்பக்கமும் தெளிவாகப் பிரிந்தன. அறுபது கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு கோள் எங்கள் கொட்டகைத் தகரத்தைச் சுட்டிக்காட்டியது. அந்த ஆண்டு நான் அடைந்த மகிழ்ச்சிகளில் இதற்கு ஈடாக எதையும் சொல்லமாட்டேன்.

வலிமைக்குப் பால்வீதி. 1932இல் கார்ல் ஜான்ஸ்கி தொலைபேசி அலைகளில் குறுக்கிடும் இரைச்சலைத் தேடியபோது கண்டுபிடித்தது அதைத்தான். அவர் பயன்படுத்திய 20.5 மெகாஹெர்ட்ஸ் என்னுடைய அலைவரிசைக்குப் பக்கத்து வீடு. இரைச்சலின் வலிமையை வெப்பநிலையாகவே சொல்வது வழக்கம்: அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு மின்தடையின் இரைச்சல் 300 கெல்வின் என்றால், இந்த அதிர்வெண்ணில் வானத்தின் இரைச்சல் 50,000 கெல்வின் அளவில் இருக்கும். ரிசீவரின் சொந்த இரைச்சல் அதற்குள் அமுங்கிவிடும். பால்வீதியின் நடுப்பகுதி உச்சிக்கு வரும்போது பதிவுக் காகிதத்தில் கோடு ஏறும், தாண்டியதும் இறங்கும். 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு முறை, தவறாமல். மே மாதத்தில் அதன் உச்சம் அதிகாலை இரண்டு மணிக்குச் சற்று முன்னால் வந்தது. அந்த உயரத்தை நோட்டில் குறித்து வைத்தோம்.

நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறியது. அந்த இரவைப் பற்றி எழுத இன்னும் மனம் வரவில்லை. விடிந்ததும் தோப்பில் முப்பத்தொன்பது மரங்கள் கிடந்தன. நாற்றங்காலின் நான்கு தென்னைகளில் மூன்று வேரோடு சாய்ந்திருந்தன. நான்காவது, குருத்து திருகிப் போய் நின்றது. செப்புக் கம்பி சேற்றுக்குள் புதைந்திருந்தது. அப்பா தாத்தா வைத்த மரம் ஒன்றின் மேல் கை வைத்தபடி வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு குனிந்து கம்பியின் ஒரு முனையைச் சேற்றிலிருந்து உருவி, துடைத்து, சுருட்டி என்னிடம் கொடுத்தார்.

எங்கள் ஊருக்கு மூன்று வாரத்துக்கு மேல் மின்சாரம் வரவில்லை. பத்தாம் நாள், தண்ணீரும் உணவும் ஓரளவு ஒழுங்குக்கு வந்த பிறகு, நான்கு சவுக்குக் கழிகளை நட்டு ஆண்டெனாவை மறுபடி கட்டினேன். பைக் பேட்டரியில் ரிசீவரை ஓட்டினேன். காதில் வைத்தபோது திகைத்துப் போனேன். மோட்டார் இல்லை, எல்இடி விளக்கு இல்லை, சார்ஜர் இல்லை, மின்கம்பியின் முறுமுறுப்பு இல்லை. அவ்வளவு தூய்மையான வானத்தை அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. ஆனால் வியாழன் இல்லை. அந்த வாரம் அது சூரியனுக்குப் பின்னால், சூரியனோடு சேர்ந்தே உதித்துச் சேர்ந்தே மறைந்துகொண்டிருந்தது. பால்வீதி மட்டும் இருந்தது. ஆறு மாதம் ஓடிவிட்டதால், மே மாதத்தில் அதிகாலை இரண்டுக்கு வந்த அதே உச்சம் இப்போது பிற்பகல் இரண்டை ஒட்டி வந்தது. வெட்ட வெயிலில், விழுந்த மரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரியாத பால்வீதி தலைக்கு மேல் கடந்து போவதைக் காகிதத்தில் பார்த்தேன்.

உச்சத்தின் உயரம் மே மாதத்தைவிட ஒன்றரை டெசிபெல் குறைவாக இருந்தது. புதிய கழிகளும் ஒட்டுப்போட்ட கம்பியும் காரணமா? பகல் நேரத்து அயனி மண்டலம் கொஞ்சம் விழுங்கிவிட்டதா? இன்னொன்றும் இருந்தது: மே மாதத்தில் வெடித்துக் கிடந்த வயலில் இப்போது முழங்கால் தண்ணீர். ஆண்டெனா வானத்தை மட்டும் கேட்பதில்லை. தரையில் பட்டு எழும்பும் அலையையும் கேட்கிறது. காய்ந்த மண் அலையில் ஒரு பங்கைக் குடித்துவிடும். நீர் நின்ற களிமண் அதைவிட நன்றாகத் திருப்பி அனுப்பும். தண்ணீரின் மின்காப்பு மாறிலி 80 அளவில் இருப்பதும், உலர்ந்த தானியத்துக்கு அது மூன்று நான்கு அளவிலேயே இருப்பதும்தான் ஈரப்பதமானிக்கும் அடிப்படை. கொள்முதல் நிலையத்தின் மேசையில் இருந்த அந்தச் சிறு கிண்ணமும் என் ஆண்டெனாவுக்குக் கீழே கிடந்த வயலும் ஒரே இயற்பியலில் நிற்கின்றன. தண்ணீர் கூட்டுகிறது, பகல் குறைக்கிறது, கம்பி என்ன செய்கிறதோ தெரியாது. மூன்றையும் ஒரே எண்ணிலிருந்து பிரிக்க முடியாது. வயல் மறுபடி காய்ந்து, பால்வீதி மறுபடி இரவுக்குள் வரும்வரை காத்திருப்பதுதான் வழி.

2019 பிப்ரவரியில் கொள்முதல் நிலையத்துக்குப் போவதற்கு முன்னால் பள்ளி ஆய்வகத்தின் உலர்த்தும் அடுப்பில் நெல்லை வைத்தேன். எடை போட்டு, காயவைத்து, மறுபடி எடை போட்டால் போன எடைதான் ஈரம். இதைவிட நேர்மையான அளவு நெல்லுக்குக் கிடையாது. 16.4 வந்தது. அப்பா அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அந்த முறை மேசையில் இருந்த கருவி 16.5 காட்டியது. சீட்டை அவர் வெளியே எடுக்கவே இல்லை.

ஏப்ரல் கடைசி வாரம். வயல் மறுபடி வெடித்திருந்தது. அந்த ஆண்டு வியாழன் பால்வீதியின் நடுப்பகுதிக்கு மிக அருகில் வந்திருந்ததால் இரண்டும் ஒன்றாகவே, அதிகாலை மூன்றரையை ஒட்டி உச்சிக்கு வந்தன. அப்பாவும் எழுந்து வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். பேட்டரிக்குக் கீழே ஈரம் படாமல் இருக்க அந்த இரும்பு மரக்காலைக் கவிழ்த்து வைத்திருந்தோம். அவர்தான் பரணிலிருந்து எடுத்து வந்திருந்தார். கோடு மெல்ல ஏறி நின்றது. மகள் டார்ச் வெளிச்சத்தில் சென்ற மே மாதப் பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து இரண்டு எண்களையும் படித்தாள். அரை டெசிபெல்கூட வித்தியாசம் இல்லை.

"என்ன சொல்கிறது?" என்றார் அப்பா.

"ஒத்துப்போகிறது தாத்தா."

மூன்று நாற்பதுக்கு அந்தக் கோட்டின் மேலேயே வியாழனின் முதல் அலை எழுந்தது. சுவிட்சை வலமும் இடமும் மாற்றி மாற்றி ஐந்தரைவரை குறித்தோம். கிழக்கே இரண்டு வயல் தள்ளி யாரோ மோட்டாரைப் போட்டார்கள். கோடு தடித்துப் போனது. மகள் நேரத்தை எழுதி, அடியில் கோடிட்டு, நோட்டை மூடினாள்.